ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி

"இது உங்களுக்குப் பரீட்சை இல்லக்கா, எங்க கேள்விக்குத்தான் பரீட்சை" என்று சர்வே எடுக்க வந்தவள் சொன்னதும் மோனிஷாவுக்குச் சிரிப்பு முட்டியது. பரீட்சையே வேண்டாமென்று பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டவள் வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு பரீட்சை வருகிறது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில். வந்தவள் பேர் ஹெப்சிபா. சென்னையில் ஏதோ ஆராய்ச்சி ஆபீஸாம். அடுத்த வருஷம் ஆயிரக்கணக்கான வீடுகளில் வருமானம், அரசாங்க உதவி எல்லாம் கேட்டு ஒரு பெரிய சர்வே வரப்போகிறதாம், அதற்கு முன்னால் கேள்விகள் மக்களுக்குப் புரிகிறதா என்று ஆம்பூரில் இருபது வீட்டில் கேட்டுப் பார்க்கிறார்களாம், புரியாத கேள்வியைத் திருத்துவார்களாம். இதை அவள் நிதானமாகச் சொல்லி முடித்ததும் அம்மா, "அப்ப நாங்க சொல்றது கணக்குல வராதா?" என்றாள். "வராதுக்கா. பேர்கூட எழுத மாட்டேன்." "அப்ப இன்னாத்துக்கு எழுதற?" கேள்வியைத் திருத்தத்தான் என்று ஹெப்சிபா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மோனிஷா வாசற்படிக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழுகிற இடத்தில், மடியில் ஷூவின் மேல் தோலை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பேர் எழுத மாட்டாளாம். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாயிற்று, தெரு தெரியும், கதவு நிறம் தெரியும், அம்மா மூஞ்சி தெரியும், இதற்கு மேல் பேர் எதற்கு. இந்த மாதிரி நல்லவர்களைத்தான் அவளால் நம்ப முடிவதில்லை. கெட்டவனாக இருந்தால் என்ன செய்வான் என்று தெரியும், நல்லவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று தெரியும். ஹெப்சிபா இன்னொன்றும் சொன்னாள். பதில் மட்டும் சொன்னால் போதாது, அந்தப் பதில் மனதில் எப்படி வந்தது, என்னென்ன யோசித்தீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மா எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "மனசுல ஓடறதெல்லாம் வாய்ல சொன்னா குடும்பம் நடக்குமா மேடம்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். மோனிஷா சிரிக்கவில்லை. ஊசி தோலில் பாதியில் நின்றிருந்தது.

முதல் கேள்வி வந்தது. உங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவு. அம்மா மூச்சுக்கூட விடாமல் "எழுபத்திரண்டாயிரம்" என்றாள். ஹெப்சிபா எழுதவில்லை, பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்தபடி, "இந்தத் தெருவுல நீங்க ஏழாவது வீடுக்கா, ஏழு வீட்டுலயும் எழுபத்திரண்டாயிரம்தான்" என்றாள். அம்மாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "எல்லார் சர்ட்டிபிகேட்லயும் அதான் போட்டுக் குடுத்துக்கீறாங்க." மோனிஷாவுக்கு அந்தச் சென்னைக்காரியைப் பார்த்துப் பாவமாக இருந்தது. வருமானம் என்ற வார்த்தையே இந்த வீட்டில் வருமானச் சான்றிதழுக்கு மட்டும்தான் வரும். மற்ற நாளில் சம்பளம் என்பார்கள், கூலி என்பார்கள், கைச்செலவுக்கு என்பார்கள். வருமானம் என்றால் சீல் வைத்த தாள். அதில் எழுபத்திரண்டாயிரத்துக்கு மேல் போனால் ஸ்காலர்ஷிப் வராது என்று தெருவுக்கே தெரியும், அதனால் ஆபீஸில் கேட்டாலும் அதுதான், கோயிலில் கேட்டாலும் அதுதான். பத்தாவது படிக்கும்போது அவளும் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து வரிசையில் நின்றிருக்கிறாள், முன்னால் நின்ற நாற்பது பேர் கையிலும் அதே எண், கொடுக்கிற டீச்சருக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அந்த எண் ஒரு யூனிபார்ம் மாதிரி, எல்லாரும் போட்டுக்கொண்டு வருவது. பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அம்மா ஒரு காரணம் வைத்திருக்கிறாள், கேட்கிறவர்களிடமெல்லாம் "கஷ்டம், அத்தொட்டு நிறுத்திட்டோம்" என்பாள். அது பொய். கஷ்டம் ஏழாவதிலும் இருந்தது, எட்டாவதிலும் இருந்தது, நிறுத்தவில்லை. பன்னிரண்டாவதில் ஒரு நாள் அக்கவுண்டன்சி வகுப்பில் யாருடையதென்றே தெரியாத ஒரு கடையின் லாபத்தைப் பலகை முழுக்க எழுதிக்கொண்டிருந்தபோது அவளுக்கு எழுந்து போக வேண்டும் போல் இருந்தது, எழுந்து போனாள், மறுநாள் திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான். இதை வெளியில் சொன்னால் திமிர் என்பார்கள், கஷ்டம் என்றால் ஐயோ என்பார்கள். திமிருக்கு யாரும் ஒரு டீ வாங்கித் தருவதில்லை.

"சரிக்கா, வருஷத்தை விட்டுடலாம்" என்று ஹெப்சிபா வேறொரு தாளை எடுத்தாள். கேள்வியை மாற்றிப் பார்க்கிறாளாம். போன மாசம், இந்த வீட்டில் ஒவ்வொருவராக, யார் கைக்கு என்ன வந்தது. அம்மா தன்னுடையதைச் சொன்னாள், கம்பெனியில் பேக்கிங் செக்ஷன், பிடித்தம் போக ஏழாயிரத்து எண்ணூறு. "பொண்ணு?" "அவ சும்மாதான் கீறா வீட்ல." சொல்லிவிட்டு அம்மா கூந்தலை முடிய ஆரம்பித்தாள். சும்மா இருக்கிறவள் நூலை இழுத்தாள், நூல் விரலின் பழைய வெட்டில் போய் உட்கார்ந்தது. வலது கை ஆட்காட்டி விரலில் சைக்கிள் டியூபைக் கத்தரித்துச் சுற்றியிருந்தாள், அதையும் அறுத்துக்கொண்டு நூல் உள்ளே போகும், ஒரே வருஷத்தில் விரல் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. யார் கேட்டாலும் அம்மா இதையேதான் சொல்வாள், அவளும் இதையேதான் சொல்வாள், என்ன பண்றே, சும்மாதான் இருக்கேன். கம்பெனிக்குப் போனால் வேலை, பஸ் ஏறினால் வேலை, வீட்டு வாசலில் குந்திக்கொண்டு செய்வது எப்படி வேலை ஆகும். ஹெப்சிபா அவளைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், காலடியில் கிடந்த சாக்கைப் பார்த்தாள். "அப்ப இது?" "அது அப்பர் தைக்கிறது மேடம். ஏஜெண்ட் வண்டியில வந்து போட்டுட்டுப் போவான், தைச்சதை எடுத்துகினு போவான். கைச்செலவுக்கு." "அதுல போன மாசம் எவ்வளவுக்கா வந்துச்சு?" "மூணாயிரத்து நானூறு என் கைல குடுத்தா" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகக்கூட. ஹெப்சிபா எழுதினாள். எழுதிவிட்டு அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "இது எப்படிக் கணக்குப் பண்ணீங்கன்னு கடைசியில கேக்கறேன், இப்ப மேல போவோம்." வட்டம். மோனிஷா தையல் மேல் கண்ணை வைத்துக்கொண்டாள், ஆனால் எந்த ஓட்டையில் ஊசி போக வேண்டும் என்று தெரியவில்லை.

ஏனென்றால் மூவாயிரத்து நானூறு தையலில் வரவில்லை. தையலில் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரம். மீதி ஆயிரத்து ஐந்நூறு ஏழுமலை அனுப்புவது. மனதுக்குள்கூட அவள் அப்பா என்று சொல்வதில்லை, ஏழுமலை என்றுதான், போனிலும் அந்தப் பேரில் சேமிக்கவில்லை, ஓசூர் மெக்கானிக் என்று வைத்திருக்கிறாள். அவளுக்குப் பதினோரு வயதில் போனவன். ஓசூரில் வேறு வீடு, வேறு பெண், அங்கே ஒரு சின்னப் பையன். போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் போன் ஒரு தடவை அதிர்ந்தது, ஆயிரத்து ஐந்நூறு வந்திருக்கிறது என்று காட்டியது, அனுப்பியவன் பேர் முழுசாக, அப்பன் பேரின் முதலெழுத்தோடு, ரேஷன் கார்டிலிருந்து அடித்த அதே பேர். நம்பர் யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. சாப்பிட்டாயா என்றுகூட ஒரு வரி இல்லை, பணம் மட்டும். திருப்பி அனுப்பியிருக்கலாம், இரண்டு தடவை அழுத்தினால் போய்விடும். அவள் அழுத்தவில்லை. அதைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது, ஏன் அழுத்தவில்லை. பாசமா, இல்லை. ஆசையா, அதுவும் முழுசாக இல்லை, நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் மட்டும் செய்துகொண்டாள். அன்றைக்கு அம்மா அரிசிக் கடைக்காரனிடம் மலிவு ரகம் கேட்டுவிட்டு வந்திருந்தாள், சட்டியில் சோறு விறைத்துக்கொண்டு நின்றது, அது ஒரு காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவன் கொடுக்க வேண்டியதுதானே, ஆறு வருஷமாகக் கொடுக்காததில் கொஞ்சம் கொடுக்கிறான், அதை நான் ஏன் திருப்பித் தர வேண்டும் என்றும் தோன்றியது. அடுத்த நிமிஷமே அம்மா குரல். அவன் காசுல ஒரு வாய் டீ குடிச்சாக்கூட எனக்கு அது விஷம். சண்டையில் சொன்னதில்லை அது, பக்கத்து வீட்டு அமுதா சமாதானம் பேச வந்தபோது உட்கார்ந்த இடத்திலிருந்து அமைதியாகச் சொன்னது. அதனால்தான் கலந்தாள். ஏஜெண்ட் கொடுக்கிற நோட்டோடு ஏடிஎம்மில் எடுத்த நோட்டைச் சேர்த்து, இந்த மாசம் லோடு நிறைய வந்துச்சும்மா என்று சொல்லிக் கொடுத்தாள். பத்து மாதமாகிறது. பத்து மாதமாக அம்மாவுக்கு விஷம் வைத்துக்கொண்டிருக்கிறாள், அம்மாவின் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல்கூட ஆகியிருக்கிறது.

"அரசாங்கத்துல இருந்து ஏதாவது பணம் வருதாக்கா?" ஹெப்சிபாவின் குரல் அவளை இழுத்துக்கொண்டு வந்தது. ரேஷன் அரிசி வருகிறது என்றாள் அம்மா. வேறே? வேறே ஒன்றும் இல்லை. பென்ஷன் ஏதாவது? "ஆமா, அது வருது, கைவிட்டவங்க பென்ஷன், ஆயிரத்து இருநூறு." "முன்னாடி வருமானம் கேட்டப்போ அதைச் சொல்லலையே?" "அது வருமானமா மேடம், அது கவர்மெண்ட் குடுக்கறதாச்சே, நான் சம்பாரிச்சதா." ஹெப்சிபா வேகமாக எழுதினாள், அவளுக்கு இதெல்லாம் தித்திப்பாக இருக்கும் போலிருக்கிறது. அந்தப் பென்ஷனுக்கு அம்மா எத்தனை தடவை அலைந்தாள். கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்து. கணவர் விட்டுச் சென்றுவிட்டார், அவரிடமிருந்து எந்த ஆதரவும் இல்லை என்று எழுதிய தாளில் அம்மா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டபோது மோனிஷா பக்கத்தில் நின்றாள், ஆதரவும் இல்லை என்ற இடத்தில் அம்மாவின் கண் ஒரு முறை நின்று நகர்ந்ததைப் பார்த்தாள். போன தை மாதம் வீட்டுக்குச் சரிபார்க்க வந்தவரிடமும் அம்மா அதையே சொன்னாள், தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள், ஏனென்றால் அம்மாவைப் பொறுத்தவரை அது சத்தியம். பொய் மோனிஷாவின் போனில் இருந்தது. அன்றைக்கு அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இது வெளியே வந்தால் பென்ஷன் போகும், வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்றும் சொல்வார்களோ என்னவோ, ஆனால் அதைவிட, அன்றைக்கு நிமிர்ந்த தலை இருக்கிறதே, அது என்ன ஆகும். அம்மா யாரையும் திட்ட மாட்டாள். பேச மாட்டாள். போன தடவை அப்படிப் பேசாமல் இருந்தது எட்டு மாதம், ஏழுமலை போனபோது.

"வீட்டுல இல்லாத வேற யாராவது, சொந்தக்காரங்களோ யாரோ, உங்களுக்குப் பணம் அனுப்புறாங்களா?" ஊசி விரலில் ஏறியது. சத்தம் போடாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டாள், தோலின் பதப்படுத்தின நாற்றமும் ரத்தத்தின் உப்பும். வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "யாரு கீறாங்க எங்களுக்கு அனுப்ப" என்றாள் அம்மா பிறகு. ஹெப்சிபா விடவில்லை, அவளுடைய வேலையே விடாமல் இருப்பதுதான். "இந்தக் கேள்வியை நீங்க பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேக்கணும்னா எப்படிக் கேப்பீங்க? உங்க வார்த்தையில சொல்லுங்க." அம்மா யோசித்தாள். "எவனாச்சும் உன்னை வச்சுக் காப்பாத்துறானாடின்னு கேப்பேன்." ஹெப்சிபாவின் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, நான் அதைக் கேக்கலக்கா." "நீ கேக்கல மேடம். ஆனா புருசன் இல்லாத வீட்ல வந்து இதைக் கேட்டா அப்படித்தான் காதுல விழும். அத்தொட்டு எவளும் ஆமான்னு சொல்ல மாட்டா, அண்ணங்காரன் அனுப்பினாலும் சொல்ல மாட்டா." ஹெப்சிபா அந்தக் கேள்வியின் மேல் ஒரு கோடு போட்டாள், ஓரத்தில் நிறைய எழுதினாள். அம்மாவுக்கு இவ்வளவு தெரியும் என்று மோனிஷாவுக்குத் தெரியாது. ஒரு கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது என்று சட்டென்று கண்டுபிடித்து, எடுத்துக் காட்டி, துடைத்து வைத்துவிட்டாள். அப்படிப்பட்டவளிடம் பத்து மாதமாக லோடு நிறைய வந்துச்சு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த நினைப்பு வந்ததும் அவள் அதைத் தள்ளிவிட்டாள், தள்ளினாலும் அது பக்கத்திலேயே நின்றது.

கடைசியில் வட்டத்துக்கு வந்தாள் ஹெப்சிபா. "பொண்ணு மூணாயிரத்து நானூறு கொடுத்தான்னு சொன்னீங்களே, அது மொத்தமா ஞாபகம் இருந்துச்சா, இல்ல மனசுல கணக்குப் போட்டுச் சொன்னீங்களா? ஜோடிக்கு எவ்வளவு தருவாங்க?" "பத்து ரூபா." "ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி தைப்பாங்க?" அவ்வளவுதான், வந்துவிட்டது. எட்டு. காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரை குந்தினால் எட்டு, விரல் வீங்கிய நாளில் ஆறு. எட்டு பத்து எண்பது, மாதத்தில் லோடு வருவது இருபத்திநாலு நாள், எண்பதை இருபத்திநாலால் பெருக்கினால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, அக்கவுண்டன்சியில் வராத கணக்கு இப்போது ஒரு நொடியில் வருகிறது, இதே ஒரு நொடியில் ஹெப்சிபாவுக்கும் வரும், அம்மாவுக்கும் வரும். அம்மா பேக்கிங்கில் இருப்பவள், பெட்டியைத் தூக்கிப் பார்த்தே எத்தனை ஜோடி என்று சொல்கிறவள். முந்திக்கொண்டு நாம் சொல்லிவிடலாமா, பதினாலு என்று. சொன்னால் அம்மா திரும்பிப் பார்ப்பாள், பதினாலா, எங்கடி தைக்கிறே பதினாலு என்பாள், விளையாட்டாகத்தான் கேட்பாள், அதற்கு என்ன சொல்வது. தண்ணீர் குடிக்க எழுந்து போகலாமா. அன்றைக்கு வகுப்பிலிருந்து எழுந்து போன மாதிரி போய்விடலாம், தெரு முனைக்கு, அதற்கப்புறம் எங்கே. அல்லது உண்மையைச் சொல்லிவிட்டால், எட்டுதான், மீதி ஏழுமலை அனுப்பினது என்று சொல்லிவிட்டால். சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்க்க அவளுக்கு ஒரு விநாடி ஆசையாகவே இருந்தது, பல் வலிக்கிற இடத்தை நாக்கு போய்த் தொடுகிற மாதிரி. வாயைத் திறந்தாள். "பதினாலு ஜோடி தைப்பா மேடம்" என்றாள் அம்மா. "கூலி குறைச்சல், லோடு மாசத்துல இருபத்திநாலு நாளைக்கு வரும். சில நாளு பதினஞ்சுகூட ஆகும்."

ஹெப்சிபா போனில் பெருக்கிப் பார்த்தாள். மூவாயிரத்து முந்நூற்று அறுபது. "சரியா வருதுக்கா" என்றாள் சந்தோஷமாக. சரியாகத்தான் வரும். பதினாலு என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. பத்து என்றால் குறையும், இருபது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், பதினாலுதான் உட்காரும், அதை உட்கார்ந்த இடத்தில் யாராலும் எடுக்க முடியாது, முன்னாடியே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். என்றைக்குப் போட்டாள். தைத்ததை எண்ணிச் சாக்கில் கட்டுவது அம்மாதான், தினமும், எட்டு எட்டாக, அவள் கையால். ஆக முதல் மாதமே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு நோட்டை வாங்கி, எச்சில் தொட்டு எண்ணி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, அதில் அரிசி வாங்கி, பொங்கி, உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அப்போது சரிபார்க்க வந்தவர் முன்னால் நிமிர்ந்து நின்றது. அதுவும் தெரிந்துதான் நின்றாளா. மோனிஷாவுக்குக் கோபம் வந்தது, நியாயமே இல்லாத கோபம், நான் இங்கே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பத்து மாதம் கிடந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா. சொல்லியிருந்தால் அம்மா அதைத் தூக்கி எறிய வேண்டியிருந்திருக்கும். தெரியாத வரைக்கும்தான் அது மகள் சம்பாதித்தது. இதைப் புரிந்துகொண்டதும் கோபம் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது. அம்மா மகளை ஏமாற்றினாளா, மகள் அம்மாவை ஏமாற்றினாளா, இரண்டு பேரும் சேர்ந்து ஒருத்தியை ஒருத்தி கஷ்டமில்லாமல் பார்த்துக்கொண்டார்களா. அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை, முடிந்த கொண்டையை மறுபடி அவிழ்த்து முடிந்துகொண்டிருந்தாள்.

"பதினாலு ஜோடியா, கை வலிக்காதா?" என்று ஹெப்சிபா மோனிஷாவைக் கேட்டாள். "வலிக்கும்" என்றாள். அது ஒன்றுதான் அன்றைக்கு அந்த வீட்டில் கணக்குப் பார்க்காமல் வந்த பதில். ஹெப்சிபா தாள்களை அடுக்கி, பேனாவை மூடி, பிறகு எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி திறந்தாள். "நீ எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே இருந்தே. இந்தப் பணக் கேள்வியெல்லாம் எப்படிக் கேட்டா ஜனங்க உண்மையைச் சொல்லுவாங்கன்னு நினைக்கறே?" படித்தவர்கள் அவளிடம் ஒரு விஷயம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதே இல்லை. யோசித்தாள். உண்மையைச் சொன்னால் எதுவும் போகாது என்று இருந்தால் சொல்வார்கள். அதை இந்த அக்காவால் தாளில் திருத்த முடியாது. அவளால் திருத்த முடிந்ததைச் சொல்ல வேண்டும். "வீட்டுல இருக்கறவங்களை ஒண்ணா உக்கார வச்சுக் கேக்காதீங்க. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேளுங்க." ஹெப்சிபா தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தாள். அம்மா அப்போதுதான் மகளை நிமிர்ந்து பார்த்தாள், ஹெப்சிபா வந்ததிலிருந்து முதல் தடவையாக, கண்ணை எடுக்காமல்.

"தனியா கேட்டாலும் நான் பதினாலுதான் சொல்லுவேன்" என்றாள்.

ஹெப்சிபா அதையும் எழுதிக்கொண்டாள்.